12 வோல்ட் சார்ஜரும் ஒரு பக்கெட்டும் இருந்தா கழிவுச் செம்பை 99.99 சதவீதச் சுத்தமாக்கி விக்கலாமா?

கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். சிங்கப்பூர் துவாஸ்ல எம் அண்ட் ஈ, அதாவது மெக்கானிக்கல் எலக்ட்ரிக்கல் வேலை எடுக்கிற கம்பெனியில வேலை, ப்ராஜெக்ட் முடிய முடிய கேபிள் துண்டு, பஸ்பார்ங்கிற மின்சாரப் பட்டைத் துண்டு, பழைய மோட்டார், ஏர்கான் பைப்புன்னு மிஞ்சிக்கிட்டே இருக்கு, பாஸ் "நீயே பாத்து வித்துடு, பாதி உனக்கு"ன்னு சொல்லிட்டார், ஆனா ஸ்க்ராப் யார்டுக்காரர் லண்டன் உலோக மார்க்கெட் விலையை விட ரொம்ப கொறைச்சு குடுக்குறார். அதனால ஒரு வீடியோ பாத்து ஸ்டோர் ரூம்ல பக்கெட்டுல மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) பேட்டரி ஆசிடும் (கந்தக அமிலம்) கலக்கி கார் சார்ஜரை மாட்டினீங்க, வந்தது தகடா ஒட்டாம கருஞ்சிவப்புப் பொடியா உதிருது, எங்க தப்புன்னு கேட்டிருக்கீங்க. மேலோட்டமா இது கெமிஸ்ட்ரி கேள்வி, அதுக்கும் பதில் சொல்றேன். ஆனா நீங்க நெஜமா கேக்குறது, யார்டு விலைக்கும் லண்டன் விலைக்கும் நடுவுல இருக்கிற காசை நானே சுத்திகரிச்சு எடுத்துக்க முடியுமாங்கிறதுதான். முடியாது. அதுல கொஞ்சம் எடுத்துக்க வேற வழி இருக்கு, அதுக்கு ஆசிடே வேணாம்.

என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடுறேன், எதை நம்பணும் எதை நம்பக்கூடாதுன்னு நீங்களே பாத்துக்கலாம். பாலிடெக்னிக்ல கெமிக்கல் ப்ராசஸ் படிச்சுட்டு ஆரம்பத்துல சில வருஷம் சர்க்யூட் போர்டு தயாரிக்கிற ஃபேக்டரியில ப்ளேட்டிங் டேங்கும் கழிவுத் தண்ணியும் பாத்துக்கிட்டேன், அதுக்கப்புறம் இத்தனை வருஷமா ஸ்க்ராப் யார்டுல கிரேடிங்தான், சரக்கைத் தரம் பிரிக்கிற வேலை. அதனால ஆசிட் டேங்க், கிரேடு, வாங்குறவன் எதுக்கு எவ்ளோ பிடிப்பான், இதெல்லாம் கை வச்சுப் பாத்து சொல்றது. உலை பக்கம் நான் வேலை செஞ்சதில்ல, போயி நின்னு பாத்திருக்கேன், படிச்சிருக்கேன், அவ்ளோதான்.

மொதல்ல உங்க பக்கெட்டு. சுத்திகரிப்பு ஆலையில ஒரு தொட்டிக்கு கிடைக்கிற வோல்டேஜ் 0.2, 0.3 வோல்ட் பக்கம்தான், நீங்க 12 குடுத்திருக்கீங்க. கரையுற தகடான அனோடும் செம்பு, வந்து ஒட்டுற தகடான கேத்தோடும் செம்புங்கிறதால அங்க கரைஞ்சு இங்க ஒட்டுறதுக்கு கொள்கைப்படி வோல்டேஜே தேவையில்ல, கரைசலோட தடையைத் தாண்டத்தான் அந்தக் கொஞ்சம். நீங்க வேகமா தள்ளும்போது தகட்டுக்குப் பக்கத்துல இருக்கிற செம்பு அயனி எல்லாம் தீந்துபோகுது, தூரத்துல இருக்கிறது வந்து சேர நேரம் குடுக்கல, அதனால வந்த செம்பு ஒழுங்கா அடுக்கடுக்கா உக்காராம கிளை கிளையா, பஞ்சு மாதிரி வளருது, மிச்ச கரண்ட் தண்ணியை உடைச்சு ஹைட்ரஜன் குமிழா போகுது. அந்தக் கருஞ்சிவப்புப் பொடி செம்புதான், ஆனா அவ்ளோ நுண்ணிசா இருக்கிறதால காத்து பட்டதும் ஆக்ஸைடு ஆகுது, நடுவுல ஆசிட்டையும் உறிஞ்சி வச்சிருக்கு. ஆலையில கரைசலை 60, 65 டிகிரி சூட்டுல வச்சு ஓடவிட்டுக்கிட்டே இருப்பாங்க, லிட்டருக்கு 40, 50 கிராம் செம்பு, 150லிருந்து 200 கிராம் கந்தக அமிலம், கூடவே துளி வஜ்ஜிரம், அதாங்க மாட்டு எலும்பு தோல்ல காய்ச்சுற பழைய தச்சர் பசை, அப்புறம் தயோயூரியா, கொஞ்சம் குளோரைடு. அந்தப் பசை இல்லாட்டி தகடு முள்ளு முள்ளா வளந்து எதிர்ல இருக்கிற அனோடைத் தொட்டு ஷார்ட் ஆயிடும். டன் கணக்குல செம்பு ஓடுற இடத்துல தகடு வழவழன்னு வர்றது இந்தப் பசையாலதான்னு நேர்ல பாக்கும்போது எனக்கு சிரிப்பு வந்துச்சு.

சரி, கரண்ட்டைக் கொறைச்சு ஒழுங்கா பண்ணுறீங்கன்னு வச்சுக்குவோம். இந்த முறை ஏன் வேலை செய்யுதுன்னு ஒருதரம் புரிஞ்சுக்கிட்டா எங்க வேலை செய்யாதுன்னும் புரிஞ்சுடும். உலோகங்களை வரிசையா நிக்க வச்சா செம்பு நடுவுல நிக்குது. துத்தநாகம், இரும்பு, நிக்கல் எல்லாம் செம்பை விட சுலபமா கரையும், கரைஞ்சுட்டு கரைசல்லயே சுத்தும், கேத்தோடுல ஒட்ட அதுங்களுக்கு அந்த வோல்டேஜ் பத்தாது. வெள்ளியும் தங்கமும் கரையவே கரையாது, அனோடு கரைய கரைய அடியில சேறா உதிரும். ஈயம் கந்தக அமிலத்தோட சேந்து வெள்ளை உப்பா அதே சேத்துல படியும். அழகான ஏற்பாடு. கெடுக்கிறது ஆர்செனிக், ஆன்டிமனி, பிஸ்மத் மூணும்தான், அதுங்க வரிசையில செம்புக்கு ரொம்பப் பக்கத்துல நிக்குது, கரைசல்ல அளவு ஏறினா செம்போட கூடவே வந்து ஒட்டிக்கும், மிதக்கிற தூசியாவும் வந்து மாட்டிக்கும். நிக்கலும் ஏறிக்கிட்டே போகும். அதனால ஆலையில கரைசல்ல ஒரு பங்கைத் தினமும் வெளிய எடுத்து சுத்தம் பண்ணிட்டே இருக்கணும், அப்படிச் சுத்தம் பண்ற இடத்துல கரைசல்ல செம்பு ரொம்பக் கொறைஞ்சு ஆர்செனிக் இருந்தா ஆர்சைன்னு ஒரு வாயு வரும், ஆளைக் கொல்லக்கூடியது. பக்கெட்டுல அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது, முதல் மாசம் நல்ல தகடு வரும், மூணாவது மாசம் என்ன வருதுன்னு லேப்ல குடுத்தாத்தான் தெரியும்.

99.99ங்கிறதை நெறைய பேர் கலரை வச்சு சொல்றாங்க, சால்மன் மீன் மாதிரி ரோஸா பளபளன்னு இருந்தா ப்யூர்னு. அது எதையும் நிரூபிக்காது. லண்டன் மார்க்கெட் ஏத்துக்குற கிரேடு ஏ கேத்தோடுல எல்லா அழுக்கும் சேந்து 65 பிபிஎம் தாண்டக்கூடாது, ஒரு டன்னுக்கு 65 கிராம். அதுல பிஸ்மத் தனியா 2 பிபிஎம்தான், டன்னுக்கு ரெண்டு கிராம். ஏன் இவ்ளோ கண்டிப்புன்னா பிஸ்மத் செம்புல கரையாம செம்போட நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவுல போயி உக்காந்துக்கும், கம்பி இழுக்கும்போது படக்குன்னு ஒடையும். இதைக் கண்ணால யாராலயும் பாக்க முடியாது.

இப்ப கணக்குக்கு வருவோம், மத்தவங்க சொல்லாம விடுற இடம் இதுதான். ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினா 1.186 கிராம் செம்பு ஒட்டும், இது ஃபாரடே விதி, எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது. நல்ல தகடு வேணும்னா சதுர மீட்டருக்கு 200, 300 ஆம்புக்குள்ள இருக்கணும். உங்க பக்கெட்டுல 20க்கு 25 சென்டிமீட்டர் தகடு ஒண்ணு தொங்குதுன்னு வைங்க, ஒரு பக்கம் மட்டும் எடுத்தா 10 ஆம்ப். 24 மணி நேரம் நிறுத்தாம ஓட்டினா 285 கிராம் பக்கம். ஒரு டன் சேக்க ஒம்பதரை வருஷம் ஆகும் தம்பி. ஆலையில இதை எப்படி சமாளிக்கிறாங்கன்னா நூத்துக்கணக்குல தொட்டி, ஒவ்வொண்ணுலயும் டசன் கணக்குல தகடு, ஒரு அனோடே முன்னூறு நானூறு கிலோ, அது கரைஞ்சு முடிய ரெண்டு மூணு வாரம், அத்தனை செம்பும் காசும் தொட்டிக்குள்ள தூங்கிட்டு இருக்கும். அதைத் தாங்குற முதல் இருக்கிறவன்தான் இந்தத் தொழிலை நடத்த முடியும். மின்சாரமும் பாருங்க, 0.3 வோல்ட்ல கிலோவுக்கு கால் யூனிட்தான் ஆகும், நீங்க குடுக்கிற 12 வோல்ட்டும் பக்கெட்டுலயே விழுந்தா கிலோவுக்கு 10 யூனிட். இங்க கரண்ட் பில் வர்ற வரத்துக்கு சொல்லவே வேணாம்.

அதையும் தாண்டி ஒரு பத்து கிலோ சுத்தமான தகடு எடுத்தே தீருவீங்கன்னு வச்சுக்குவோம். யாருக்கு விப்பீங்க? லண்டன் விலைங்கிறது பதிவு பண்ணின ப்ராண்டு கேத்தோடுக்கு, டன் கணக்குல, வேர்ஹவுஸ்ல வச்சு விக்கிற விலை. உங்க தகட்டுக்கு ப்ராண்டும் இல்ல, சர்ட்டிபிகேட்டும் இல்ல. திரும்ப அதே யார்டுக்குத்தான் வரும், அங்க என்னை மாதிரி ஒருத்தன் திருப்பிப் பாத்துட்டு சுத்தமான ஸ்க்ராப்புக்குப் போடுற நம்பர் ஒன் விலை போடுவான், சந்தேகமா இருந்தா அதுக்குக் கீழ்கிரேடு நம்பர் டூ. ஆனா நீங்க தோல் உரிச்ச பளபள கம்பியை, மார்க்கெட்ல மில்பெர்ரின்னு சொல்றாங்களே, அதை அப்படியே கொண்டு வந்திருந்தாலே அந்த விலை கிடைச்சிருக்கும்! ஏன்னா அந்தக் கம்பி ஒருதரம் கேத்தோடா இருந்து வந்ததுதான், ஏற்கனவே 99.9. அதை யாரும் சுத்திகரிக்கிறதே இல்ல, நேரா கம்பி ஆலைக்கும் பித்தளை ஆலைக்கும் போயி உருகிடும். சுத்திகரிப்புக்குப் போறது அழுக்கானதும் கலந்ததும் மட்டும்தான். அதாவது நீங்க பக்கெட்டுல போட்டது பாதிக்கு மேல சுத்திகரிப்பே தேவைப்படாத செம்பு.

அழுக்கானதை நெஜமா எப்படிப் பண்றாங்கன்னும் சொல்லிடுறேன், ஆர்வம் இருக்கிற மாதிரி தெரியுது. கலந்த சரக்கு, தூசி, கசடு, சர்க்யூட் போர்டு எல்லாத்தையும் உலையில போட்டு மொதல்ல கருஞ்செம்புன்னு ஒண்ணு எடுப்பாங்க, முக்கால் பங்கு செம்பு, மிச்சம் ஈயம் வெள்ளீயம் நிக்கல் இரும்பு. அப்புறம் உருகின செம்புக்குள்ள காத்து ஊதுவாங்க, செம்பு 1085 டிகிரியில உருகுது, துத்தநாகம் 907லயே கொதிச்சு வெள்ளைப் புகையா மேல போயிடும், அதை வடிகட்டியில பிடிச்சு தனியா விப்பாங்க, இரும்பு ஆக்ஸைடாகி கசடுல ஏறிடும். ஊதி ஊதி இப்ப செம்புக்குள்ளயே ஆக்ஸிஜன் நெறஞ்சிருக்கும், அப்படியே ஊத்தினா உடைஞ்சிடும். அதை எடுக்க அந்தக் காலத்துல என்ன பண்ணாங்க தெரியுமா, பச்சை மரத்தடியை அப்படியே உருகின செம்புக்குள்ள குத்துவாங்க. காஞ்ச மரம் கூடாது, பச்சையாத்தான் இருக்கணும், அதுல இருந்து வர்ற நீராவியும் வாயுவும் செம்பைக் கொதிக்க வச்சு ஆக்ஸிஜனைப் பிடுங்கிட்டுப் போகும். இப்ப அந்த வேலையை கேஸ் பண்ணுது. அதுக்கப்புறம்தான் அனோடா வார்த்து நம்ம ஆசிட் தொட்டிக்கு வரும். முன்னாடி ஒவ்வொரு கேத்தோடுக்கும் மெல்லிசா ஒரு செம்புத் தகடு தனியா செய்யணும், 1978ல ஆஸ்திரேலியா டவுன்ஸ்வில்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டையே போட்டு, ஒட்டினதை உரிச்சு எடுத்துட்டு, திரும்பத் தொட்டியில விடுற முறையைக் கொண்டு வந்தாங்க, இன்னைக்கு உலகத்துல பெரிய ஆலைங்க நெறைய அந்த வழிதான்.

இதெல்லாம் நடக்கிறது ஜெர்மனியில ஹம்பர்க், லூனன், அப்புறம் பெல்ஜியம், ஜப்பான், கொரியா, சீனா. சிங்கப்பூர்ல இரும்பு ஸ்க்ராப்பை உருக்குற ஆலை ஜூரோங்ல இருக்கு, செம்புத் தாது உருக்குற ஆலை கிடையாது, நம்ம யார்டுங்க வேலை சேக்குறது, பிரிக்கிறது, கன்டெய்னர்ல ஏத்துறது. எங்க ஏத்துறதுங்கிறதும் மாறிக்கிட்டே இருக்கு. 2018 கடைசி வரைக்கும் மோட்டார் கேபிள்னு பிரிக்காத சரக்கெல்லாம் சீனா வாங்கிச்சு, அப்புறம் அந்த வகையை நிறுத்திட்டாங்க. 2025 ஜனவரியில இருந்து, நாடு விட்டு நாடு போற கழிவைக் கட்டுப்படுத்துற பாசல் ஒப்பந்தப்படி எலக்ட்ரானிக் கழிவு எதுவா இருந்தாலும் இறக்குமதி பண்ற நாடு முன்கூட்டியே சம்மதிச்சாத்தான் கப்பல் ஏறும். பிரிக்காத சரக்குக்கு விலை கொறையுறதுக்கு இதுவும் ஒரு காரணம், யார்டுக்காரர் மட்டும் தின்னுட்டுப் போறதில்ல. நான் யார்டுக்காரன்கிறதால இப்படிச் சொல்றேன்னு நெனச்சாலும் பரவால்ல.

கீழ கமென்ட்ல ஒருத்தர் "செம்பு ஆலைன்னா தூத்துக்குடி மாதிரி ஆயிடாதா"ன்னு கேட்டிருந்தார். அங்க இருந்தது தாதுல இருந்து செம்பு எடுக்கிற ஆலை, 2018 மே மாசத் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு மூடிச்சு, 2024ல உச்ச நீதிமன்றமும் திறக்க ஒத்துக்கல. அந்த வகை ஆலைக்கு வர்ற செறிவூட்டின தாதுல செம்பு கால் பங்குன்னா கந்தகமும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கும், அத்தனையும் சல்ஃபர் டை ஆக்ஸைடா வெளிய வரும், அதைப் பிடிச்சு அமிலமாக்கியே ஆகணும். ஸ்க்ராப்ல கந்தகம் இல்ல, அந்தத் தலைவலி இல்ல. அதுக்காக சுத்தமான தொழில்னு சொல்லிட முடியாது, இங்க பிரச்சினை பிளாஸ்டிக், ஈயத் தூசி. கேபிள் தோலான பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், செம்பே கிரியா ஊக்கியா இருந்து டையாக்ஸின்ங்கிற கொடிய நச்சை உண்டாக்கும், 200லிருந்து 450 டிகிரி வரைக்கும் அதுக்குத் தோதான சூடு, திறந்த வெளியில கேபிள் எரிச்சா அந்தச் சூடு தாராளமா கிடைக்கும். அதனால தயவு செஞ்சு எங்கயாவது காட்டுப் பக்கம் போயி ட்ரம்ல போட்டு எரிச்சு எடுத்துட்டு வராதீங்க, சட்டப்படி குத்தம், உடம்புக்கும் கேடு, போதாக்குறைக்கு எரிச்ச கம்பி கறுத்துப்போயி நம்பர் டூ ஆயிடும், விலையும் போச்சு.

இப்ப காசு எங்க இருக்குன்னு சொல்றேன். மூட்டைக்குள்ள எது எதோட கலந்திருக்குங்கிறதுல இருக்கு. வாங்குறவன் ஒரு பை சரக்கைப் பாக்கும்போது அதுல இருக்கிற மட்டமானதுக்குத்தான் விலை போடுவான், நல்லதுக்குப் போட மாட்டான். உங்க ஏர்கான் பைப்பையே எடுத்துக்குங்க. பாக்க செம்புக் கம்பியை விட அழகா இருக்கும், 99.9 செம்புதான், ஆனா வெல்டிங் பிரேசிங் நல்லா பிடிக்கணும்னு அதுல வேணும்னே 0.015லிருந்து 0.04 சதவீதம் பாஸ்பரஸ் சேத்திருப்பாங்க. பைப்புக்கு அது நல்லது, கம்பிக்கு விஷம். அவ்ளோ துளி பாஸ்பரஸ் மின்கடத்துத் திறனை நூறுல இருந்து எண்பது பக்கத்துக்கு இறக்கிடும். மின்கடத்தலுக்கு 1913ல ஒரு அளவுகோல் வச்சாங்க, அன்னைக்கு இருந்த நல்ல செம்பு 100ன்னு, இன்னைக்கு வர்ற நல்ல கம்பி 101 கூட காட்டும், அதனால கம்பி ஆலைக்காரன் 98ங்கிறதுக்கே மூஞ்சியைச் சுளிப்பான்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா அடி வாங்கித் தெரியும். யார்டுல சேந்த ரெண்டாவது வருஷம், ஆறு பெரிய பை மில்பெர்ரி, ஒவ்வொண்ணும் டன் பக்கம், நான்தான் செக் பண்ணி ஓகே போட்டேன். எக்ஸ்ரே கன் இருக்குல்ல, கையில பிடிச்சு சுட்டா திரையில சதவீதம் காட்டுமே, அதுல எங்க சுட்டாலும் 99.9. பக்கத்து நாட்டுல வாங்கினவங்க உருக்கிப் பாத்துட்டு கரண்ட் ஒழுங்கா போகலன்னு கம்ப்ளெயின்ட் பண்ணாங்க. போயி மிச்சம் இருந்த பையைக் கொட்டிப் பாத்தா, ஏர்கான் பைப்பை யாரோ நீளவாக்குல கீறி, நசுக்கி, விரல் நீளத்துக்கு நறுக்கி கம்பியோட கம்பியா கலந்து வச்சிருந்தாங்க, வேணும்னே செஞ்சதா தெரியாம நடந்ததான்னு கடைசி வரைக்கும் தெரியல. அந்தக் கன்னால அவ்ளோ கொஞ்சம் பாஸ்பரஸைப் பாக்கவே முடியாது, அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், படிச்சவன்தானே. தவ்கே, அதாவது யார்டு முதலாளி, திட்டல. ஒரு நசுங்கின பைப் துண்டை எடுத்து என் மேஜையில வச்சுட்டுப் போயிட்டார், அது அங்கயே மூணு மாசம் கெடந்துச்சு, எடுத்துப் போடவும் எனக்குத் தைரியம் வரல.

அதனால கன் வச்சிருக்கிற யார்டுன்னா எல்லாம் கரெக்டா சொல்லுவாங்கன்னு நம்பாதீங்க, உங்களுக்கு எதிராவும் அது தப்பு பண்ணும். மேல்தோலுக்குள்ள மைக்ரான் கணக்குலதான் அது பாக்கும். வெள்ளீயம் பூசின கம்பியைச் சுட்டா உள்ள நல்ல செம்பா இருந்தாலும் டின் டின்னு கத்தும், எண்ணெய் மண் ஒட்டியிருந்தாலும் கணக்கு மாறும். நம்ம வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்களே, அதே சமாச்சாரம்தான், பூசினதை உருக்கினா வெள்ளீயம் மொத்தச் செம்பிலயும் கரைஞ்சிடும், அப்புறம் பிரிக்க உலையும் தொட்டியும் வேணும். கரையுறதுக்கு முன்னாடி பிரிக்கிறதுக்கு ரெண்டு கை போதும்.

ஸ்டோர்ல நீங்க வச்சிருக்க வேண்டிய கருவி ஒரு அரம், ஒரு காந்தம், ஒரு தராசு. கம்பி நுனியை அரத்துல ரெண்டு இழு இழுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு முலாம் போட்ட அலுமினியம், மலிவான நெட்வொர்க் கேபிள்ல நெறைய வருது, கையில எடுத்தாலே எடை இருக்காது. காந்தம் இழுத்தா உள்ள எஃகு, எர்த் ராடும் டிவி கேபிள் நடுக்கம்பியும் அப்படி வரும். பஸ்பார் தனியா வைங்க, அதுல போல்ட்டு நட்டு கழட்டிடுங்க, வெள்ளி பூசினதோ டின் பூசினதோ இருந்தா இன்னொரு தொட்டி. ஏர்கான் பைப் தனி, பிரேசிங் பண்ணி ஒட்டின மூட்டுப் பகுதியை ஒரு விரல் அளவு வெட்டி எடுத்துட்டா பைப் நல்ல விலைக்குப் போகும், வெட்டின மூட்டு மட்டும் கீழ்கிரேடு. மோட்டார் காயில்ல வார்னிஷ் இருக்கிறதால என்ன சுத்தமா எடுத்தாலும் நம்பர் டூதான், அதுக்கு மெனக்கெடாதீங்க, மோட்டாரா வித்துடுங்க. பழைய ஸ்விட்ச்கியர் ஸ்பிரிங், ஸ்பார்க் வராத ஹேமர் மாதிரி ஏதாவது வந்தா அது பெரிலியம் செம்பா இருக்கலாம், ரெண்டு சதவீதம் பெரிலியம், தூசி நுரையீரலுக்குப் போனா திரும்பாத வியாதி, அதை அறுக்கவும் அரம் போடவும் வேணாம், தனியா எடுத்து வச்சு யார்டுல சொல்லிடுங்க.

கேபிளுக்கு ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு வகையிலயும் சரியா ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்க, தோலை உரிச்சு செம்பை மட்டும் எடை போடுங்க. 2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒத்தைக் கம்பின்னா ஒரு மீட்டர்ல செம்பு 22 கிராம் சொச்சம் இருக்கணும், குறுக்கு வெட்டுப் பரப்பை 8.96ஆல பெருக்கினா வந்துடும். மொத்த எடையில செம்பு எத்தனை சதவீதம்னு தாள்ல எழுதிக்கிட்டுப் போனீங்கன்னா யார்டுல "கேபிள் கிலோ இவ்ளோ"ன்னு மொத்தமா சொல்ற விலைக்கு நீங்க தலையாட்ட மாட்டீங்க, எனக்கே அப்படி தாளோட வர்ற ஆளுங்ககிட்ட விலை கொறைச்சு சொல்ல வாய் வராது. தடிமனான கேபிள் உரிக்கிற மெஷின்ல போட்டா உழைப்புக்குக் காசு வரும், மெல்லிசை உரிக்கிறது வீண், அது நறுக்கி காத்துல பிரிக்கிற பெரிய மெஷினுக்குப் போற சரக்கு. எவ்ளோ தடிமன்ல இருந்து உரிக்கலாம்ங்கிறது உங்க ஆள் கூலியைப் பொறுத்தது, நீங்களே ஒரு மணி நேரம் உரிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, பாஸ் வாயால சொன்னதை ஒரு மெசேஜாவாவது வாங்கி வச்சுக்குங்க. மிஞ்சின கேபிள் கம்பெனியோடதா க்ளையன்ட்டோடதாங்கிறது பின்னாடி போலீஸ் கேக்குற கேள்வியா மாறிடக்கூடாது, வொர்க் பர்மிட்ல இருக்கிறவங்க இதுல மாட்டி ஊருக்குப் போனதை நான் பாத்திருக்கேன்.

அடுத்த வீடியோவுல நைட்ரிக் ஆசிட் ஊத்திக் கரைக்கிறதைப் பாத்துட்டு அதுக்குப் போயிடாதீங்க. பழுப்பா ஒரு புகை வரும், அன்னைக்கு லேசா இருமல் வரும், ஒண்ணும் இல்லன்னு நெனச்சுப் படுப்பீங்க, பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அதேபோல ஆசிட் கரைசல்ல சாப்பாட்டு உப்பு போடச் சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அனோடு கரையுறது நின்னுபோனா குளோரின் வாயு வரும், ஸ்டோர் ரூம்ல ஜன்னல் இருக்கான்னு நீங்க சொல்லல.

கடைசியா அந்த நீலத் தண்ணி. சிங்க்குல ஊத்திடலாமான்னு கேட்டிருந்தீங்க, ஊத்தாதீங்க. சாக்கடைக்குப் போற தொழிற்சாலைத் தண்ணியில செம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சிங்கப்பூர் தண்ணி வாரியமான பியூபி விதி, பிஎச் 6லிருந்து 9க்குள்ள இருக்கணும். ஆலை அளவுக்கு 45 கிராம் செம்பு உங்க பக்கெட்டுலயும் இருந்தா அது அனுமதிச்சதைப் போல 9,000 மடங்கு, தண்ணி கலந்து கொறைச்சு ஊத்துறதும் அதே தப்புதான். சார்ஜரைக் கழட்டிட்டு, தகட்டை எடுத்துக் கழுவி, கழுவின தண்ணியையும் அதே பக்கெட்டுல ஊத்தி, பிளாஸ்டிக் மூடி போட்டு, "கந்தக அமிலம், காப்பர் சல்ஃபேட்"னு பெருசா எழுதி ஒட்டிடுங்க. உங்க மெயின் கான்ட்ராக்டர்கிட்ட நச்சுக் கழிவு எடுக்கிற லைசென்ஸ் கம்பெனி நம்பர் இருக்கும், சேஃப்டி ஆபீசரைக் கேட்டா தருவார், கொஞ்சம் திட்டுவார், வாங்கிக்குங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கெட்டுப் பக்கத்துல அலுமினியம் ஏணி, ட்ரங்கிங் துண்டு எதையும் சாய்ச்சு வைக்காதீங்க, உள்ள விழுந்தா கொதிச்சு ஹைட்ரஜன் கெளம்பும்.